கதவு திறந்தே கிடந்தது

இலக்கியக்காரரிடையே மனத்தாங்கல் தோன்றுவதற்குப் பெரிய காரணம் வேண்டியதில்லை. ஒரு முன்னுரையில் ஒரு பெயர் விடுபட்டாற் போதும். ஒரு மேடையில் ஒரு சொல் சற்று அழுத்தமாக விழுந்தாற் போதும். இவையெல்லாம் நாம் அறிந்தவை. ஆனால் எவரும் எதுவும் சொல்லாமலும் செய்யாமலும், கடலுக்கு அப்பால், இருவருமே கேட்டறியாத ஒரு பதிவேட்டில் நேர்ந்த பிழையினால், நாற்பதாண்டு நட்பொன்று முறியும் நிலைக்கு வந்ததை அண்மையிலேதான் கண்டேன். இன்று எமது ஆசிரியர்களும் மாணாக்கரும் நூலுக்கும் சஞ்சிகைக்கும் இணையத்தையே நாடுகின்றனர். அங்கே ஒரு பக்கம் திறக்கவில்லையென்றால், அதற்குப் பொறுப்பு யாரென்று அறியாமல் யாரையோ நொந்துகொள்கின்றனர். ஆகவே இந்தக் கதையைச் சொல்வதில் தவறில்லை என்று கருதுகிறேன்.

நண்பர் ஒருவர் மட்டக்களப்பிலே வசிப்பவர், இளைப்பாறிய தமிழாசிரியர். தமது ஓய்வூதியத்தின் ஒரு பகுதியைச் செலவிட்டுப் பழைய சஞ்சிகைகளைத் தேடிப் பிடித்து, பக்கம் பக்கமாகப் படமெடுத்து, ஓர் இணையத்தளத்திலே சேர்த்து வருகிறார். மற்றையவர் வடமராட்சியிலே இருப்பவர். அவரும் இளைப்பாறிய ஆசிரியரே. மாலை வேளைகளில் உயர்தர வகுப்பு மாணாக்கர் பத்துப் பன்னிரண்டு பேரைத் தம் வீட்டு விறாந்தையில் இருத்தி, அந்தச் சஞ்சிகைப் பக்கங்களையே கணினித் திரையிற் காட்டிப் பாடஞ் சொல்பவர். ஒருவர் தேடிச் சேர்த்ததை மற்றவர் பகிர்ந்தளித்து வந்தார். அந்தப் பணி இருவருக்கும் பெருமையாகவே இருந்தது.

நூல் வெளியீட்டு விழாவொன்றில் இருவரும் மோதிக்கொண்டனர். குறித்ததொரு சஞ்சிகையின் முதலிதழ் எந்த ஆண்டில் வெளிவந்தது என்பதுதான் விவகாரம். மேடையிலே தொடங்கியது, தேநீர் மேசைவரை தொடர்ந்தது. ஓராண்டு முன்பின்னாக இருப்பதில் உலகம் கவிழ்ந்துவிடாது என்று நான் இடையிற் சொன்னது இருவருக்குமே பிடிக்கவில்லை. அதன் பின் ஒரு வாரங்கூடச் சென்றிராது. வடமராட்சி நண்பரின் கணினியில் அந்த இணையத்தளம் திறக்க மறுத்தது. பிற தளங்கள் எல்லாம் வழமைபோல் இயங்கின. அந்த ஒன்று மட்டும், நெடுநேரம் சுழன்று சுழன்று, தளத்தை எட்ட முடியவில்லையென்ற வாசகத்தோடு நின்றது.

அவர் என்ன எண்ணினார் என்பதை ஊகிப்பது கடினமன்று. மட்டக்களப்பு நண்பர் தம்மை வேண்டுமென்றே வெளியே நிறுத்திவிட்டார் என்று முடிவுகட்டினார். அந்தச் செய்தி பலர் வாய்ப்பட்டு, வளர்ந்து, மட்டக்களப்புக்குப் போய்ச் சேர்ந்தது. “எனக்கு அந்தத் தளத்தில் ஒரு படத்தை ஏற்றவே அரைநாள் செல்கிறது. ஒருவரை மட்டும் தேர்ந்து மறிக்கும் வித்தையை நான் எங்கே கற்றேன்?” என்று அவர் என்னிடம் தொலைபேசியிற் சொன்னபோது அவருடைய குரலில் கோபத்தினும் பார்க்க வருத்தமே மிகுந்திருந்தது. அந்த மாதம் முழுவதும் வடமராட்சி வீட்டு விறாந்தையில் வகுப்பு நடைபெறவில்லை.

பிறிதொரு காரியமாக நான் வடமராட்சிக்குச் சென்றபோது, நண்பரின் முன்னிலையிலே எனது கைத்தொலைபேசியை எடுத்து அந்தத் தளத்தின் பெயரைத் தட்டினேன். உடனே திறந்தது. இதனால் அவருடைய ஐயம் தீருமென்று எதிர்பார்த்த எனது பேதைமையை என்னென்பது! “பார்த்தீரா? உமக்குத் திறக்கிறது; எனக்குத் திறக்கவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?” என்றார். தருக்க முறைப்படி அவர் கூற்றிலே குற்றங் காண்பது அரிது.

அன்று மாலை, கொழும்பில் வலையமைப்புத் தொழில் பார்க்கும் எனது பழைய மாணாக்கர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். பாடசாலையில் இலக்கணத்தில் நாட்டமில்லாதிருந்தவர். ஆனால் எதையும் ஒழுங்காகக் கேட்பவர். அவர் விடுத்த முதல் வினாவே என்னைச் சிந்திக்க வைத்தது. “சேர், உங்கள் கைத்தொலைபேசியும் அவர் வீட்டு இணைப்பும் ஒரே கம்பனியினுடையவையா?” அல்ல. நான் பயன்படுத்துவது வேறொரு கம்பனியின் சேவை. “அப்படியானால், அவருடைய கணினியை உங்கள் தொலைபேசியின் இணைப்பிலே போட்டுப் பாருங்கள்” என்றார். போட்டோம். தளம் திறந்தது. கணினியிற் கோளாறில்லை என்பது அக்கணமே தெளிவாயிற்று. அடுத்து, அயல் வீட்டிலே அதே கம்பனியின் இணைப்பு வைத்திருக்கும் ஆசிரியை ஒருவரிடம் கேட்டோம். அங்கும் திறக்கவில்லை. மாணாக்கர் கொழும்பிலே அந்தக் கம்பனியின் இணைப்புள்ள மூவரிடம் விசாரித்தார், மூவருக்கும் திறக்கவில்லை.

“அவர் உம்மை மறித்திருந்தால், அந்தக் கம்பனியின் வாடிக்கையாளர் அத்தனை பேரையுமல்லவா மறித்திருக்க வேண்டும்?” என்றேன் நண்பரிடம். “அதுவும் செய்யக்கூடியவர்தான்” என்றார் அவர். எனினும் குரலில் முன்னிருந்த உறுதி சற்றுத் தளர்ந்திருந்தது.

இவ்விடத்தில் இணையம் என்பது எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சிறிது விளக்கவேண்டியிருக்கிறது. அது ஒன்றெனப் பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது தனித்தனியே ஆளப்படும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட வலையமைப்புகளின் கூட்டம். தொலைபேசிக் கம்பனிகள், சர்வகலாசாலைகள், வங்கிகள், தளங்களுக்கு இடங் கொடுக்கும் நிறுவனங்கள் எனப் பலதிறத்தவை அதிலடங்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. ஆனால் முழு உலகின் வரைபடம் எவரிடத்திலும் இல்லை. பழைய தபாற் கந்தோரொன்றை நினைத்துக்கொள்ளலாம். பருத்தித்துறையிலே கடிதத்தைப் பிரிப்பவருக்கு இலண்டனில் உள்ள தெருக்களைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை; இன்ன ஊருக்குரிய கடிதத்தை இன்ன பையிலே போடவேண்டும் என்று தெரிந்தாற் போதும். அடுத்த கந்தோர் அடுத்த பையைப் பார்த்துக்கொள்ளும்.

எந்தப் பையிற் போடுவதென்பதை அந்த வலையமைப்புகள் எவ்வாறு அறிகின்றன? அயலவரின் வாய்ச்சொல்லால் அறிகின்றன. “இந்த முகவரிகள் என்னிடத்தில் இருக்கின்றன” என்று ஒரு வலையமைப்பு தன் அயலவருக்கு அறிவிக்கிறது. அயலவர் அதன் முன்னே தமது எண்ணையும் சேர்த்து, “அவற்றை என் வழியாக அடையலாம்” என்று தமது அயலவருக்குச் சொல்கிறார். இவ்வாறே செய்தி உலகெங்கும் பரவுகிறது. இந்த ஏற்பாட்டுக்கு பி.ஜி.பி. என்று பெயர். 1989ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் ஒஸ்ரின் நகரில் நடந்த கூட்டமொன்றின்போது, கேர்க் லொஹீட், யாக்கோவ் ரெக்டர் என்ற இரு பொறியியலாளர் மதிய போசன மேசையில் இருந்து, கைதுடைக்கும் கடதாசிகளிலே இதன் முதல் வரைவை எழுதினர் என்பது அத்துறையினர் யாவரும் அறிந்த வரலாறு. அப்போதைய தேவைக்கு அவசரமாகச் செய்ததொன்று. இன்று உலகின் போக்குவரத்து முழுவதும் அதன் வழித்தோன்றல்மீதே நிற்கிறது. பழைய முறை முகவரிகளுக்குரிய அட்டவணை மட்டுமே பத்து இலட்சம் வரிகளை அண்டி நிற்கிறது. அந்த வரிகளில் ஒன்றில் பிசகு நேர்ந்தாலும் எங்கோ ஒரு வீட்டில் ஒரு பக்கம் திறவாது போகலாம். மற்ற வீடுகளில் எவருக்கும் அது தெரியவும் மாட்டாது.

மீண்டும் வடமராட்சிக்கு வருவோம். மாணாக்கர் தொலைபேசியிற் சொல்லச் சொல்ல நான் கணினியில் தட்டினேன். முதலிற் பெயரைச் சோதித்தோம். இணையத்தளத்தின் பெயர் நமக்குரியது. இயந்திரங்களுக்கு எண்தான் முகவரி. பெயரை எண்ணாக மாற்றித்தரும் டி.என்.எஸ். என்ற ஏற்பாடு பிழையான எண்ணைத் தந்திருந்தால் தளம் திறவாதுதான். ஆனால் இரு இணைப்புகளிலும் ஒரே எண்ணே வந்தது. அந்த வழியிற் குற்றமில்லை.

அடுத்துப் ‘பிங்’ என்ற சிறு கருவி. நீர்மூழ்கிகளைத் தேடும் சோனார் கருவியின் ஒலியை நினைந்து அதற்கு அப்பெயரை இட்டவர் மைக் மூஸ் என்ற அமெரிக்கர். 1983 டிசம்பரில் அதை எழுதினார். “அங்கே இருக்கிறாயா?” என்று ஒரு குரல் கொடுத்து, பதில் வரும்வரை காத்திருப்பதே அதன் தொழில். வீட்டு இணைப்பிலிருந்து குரல் கொடுத்தோம். தளத்தின் பதில் வரவில்லை. “இதை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம், சேர். வேண்டுமென்றே பிங்குக்குப் பதிலளியாத தளங்களும் இருக்கின்றன” என்றார் மாணாக்கர். பதிலளியாமை இன்மைக்குச் சான்றாகாது என்ற இந்த எச்சரிக்கையை எமது ஆராய்ச்சியாளர் சிலருக்கும் சொல்லிவைக்கலாம்.

மூன்றாவது கருவிதான் சுவையானது. ‘ட்ரேஸ்றூட்’ என்ற அதனை 1980களின் பிற்பகுதியில் ஆக்கியவர் வான் ஜேக்கப்சன். இணையத்தில் அனுப்பப்படும் ஒவ்வொரு பொதியிலும் ஓர் ஆயுள் எண் எழுதப்பட்டிருக்கும். வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழித்தே அடுத்ததற்குக் கொடுக்கும். எண் பூச்சியமானால், பொதியை அழித்துவிட்டு, “உன் பொதி என்னிடத்தில் மாண்டது” என்று அனுப்பியவருக்கு அறிவிக்கும். வழி தப்பிய பொதிகள் முடிவின்றிச் சுற்றிக்கொண்டிராமல் இருப்பதற்காக வகுக்கப்பட்ட விதி இது. ஜேக்கப்சன் இந்த மரண அறிவித்தலையே வழிகாட்டியாக மாற்றினார். ஆயுள் ஒன்றாக ஒரு பொதியை அனுப்பினால் முதலாவது ரவுட்டர் தன் பெயரைச் சொல்லும். இரண்டாக அனுப்பினால் இரண்டாவது சொல்லும். இவ்வாறு ஒவ்வொரு படியாகக் கூட்டிக்கொண்டே போனால் வழி முழுவதும் வெளிப்படும்.

எனது தொலைபேசியின் வழியாகப் பார்த்தபோது, வரிகள் ஒவ்வொன்றாக இறங்கிக் கொழும்பைக் கடந்து சிங்கப்பூர்வரை சென்றன. தளம் அங்கேதான் தங்கியிருந்தது. வீட்டு இணைப்பிலே மூன்று வரிகள் மட்டும் வந்தன. நான்காவது வரியில், கம்பனியின் சொந்த ரவுட்டரொன்று, அவ்விடத்துக்கு வழியில்லை என்று பதில் தந்தது.

“இது நல்ல சாட்சி” என்றார் மாணாக்கர். வெறும் மௌனமாக நின்றிருந்தால் அவர் அவ்வாறு சொல்லியிருக்கமாட்டாராம். இதன் காரணத்தை அவர் விளக்கியபோதுதான், இத்துறையிற் புதியவர் எல்லாரும் தடுக்கி விழும் இடம் எதுவென்று அறிந்தேன். இணையத்தில் போகும் வழி ஒன்று. வரும் வழி வேறொன்று. ஒவ்வொரு வலையமைப்பும், பிறர்க்குரிய பொதியைக் கூடிய விரைவில் அயலவர் கையிற் கொடுத்துத் தன் சுமையைக் குறைத்துக்கொள்ளவே பார்க்கிறது. கையைச் சுடும் உருளைக்கிழங்கை அடுத்தவர் கைக்கு மாற்றுவதுபோல் என்று தொழிலாளரே இதற்குப் பெயரிட்டிருக்கின்றனர். ஆகவே எமது கேள்வி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வேறொரு நாட்டிலே வழி தவறி மாண்டுபோகலாம். எமக்கோ இரண்டும் ஒன்றாகவே தோன்றும். மௌனம் மட்டுமே எஞ்சும். ட்ரேஸ்றூட் காட்டுவது போகும் வழியை மாத்திரமே. அது நின்ற இடத்திலேதான் பழுது என்று ஒருவரைக் குற்றஞ்சாட்டுவது பலமுறை பிழையாய் முடிந்திருக்கிறது. ஆனால் ஒரு ரவுட்டர் தானே வாய்திறந்து “என்னிடம் வழியில்லை” என்று சொன்னால், அதன் அட்டவணையில் அந்த வரி இல்லையென்பது உறுதி.

கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தோம். ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். அணைத்துப் போட்டோம். மீண்டும் எடுத்தோம், தம் பக்கத்திற் பிழையில்லை, தளத்துக்காரரைக் கேளுங்கள் என்றார்கள். மட்டக்களப்பு நண்பர் வாயிலாகத் தளத்துக்கு இடங்கொடுத்த நிறுவனத்தைக் கேட்டோம். தளம் ஒழுங்காக இயங்குகிறது, வாடிக்கையாளரின் கம்பனியைக் கேளுங்கள் என்று அங்கிருந்து பதில் வந்தது. இரு தரப்பாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. அவரவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது.

இப்படியொரு நிலை எமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2005ஆம் ஆண்டு ஒக்டோபர் 5ஆந் திகதி, அமெரிக்காவின் லெவல் 3 என்ற பெரும் வலையமைப்பு, கோஜன்ற் என்ற மற்றொன்றோடு தனக்கிருந்த தொடர்பை அறுத்துக்கொண்டது. ஒருவர் பொதியை மற்றவர் இலவசமாகச் சுமப்பதென்ற ஏற்பாட்டில் தன் தோளிலே கூடிய பாரம் விழுகிறது, பணம் வேண்டும் என்பது லெவல் 3 இன் கட்சி. அந்த ஒன்றையே நம்பியிருந்தவர்கள் மற்றதையே நம்பியிருந்தவர்களின் தளங்களைப் பார்க்க முடியாது போயிற்று. தளங்களும் பழுதில்லை, கணினிகளும் பழுதில்லை. கணக்குவழக்கு மட்டுந்தான் பழுது. இரண்டு நாளில் தற்காலிகமாக இணைந்து, அம்மாத இறுதியில் உடன்பட்டனர். 2009இல் ஹரிக்கேன் எலெக்ட்ரிக் என்ற நிறுவனம், புதிய முறை முகவரிகளுக்குத் தன்னோடு தொடர்புகொள்ள மறுத்த அதே கோஜன்றுக்கு, “தயவுசெய்து எங்களோடு இணையுங்கள்” என்ற பொருள்பட எழுதிய கேக் ஒன்றைச் செய்து, தொழிலாளர் மாநாட்டிலே வைத்தது. கேக் உண்ணப்பட்டது, இணைப்பு நிகழவில்லை.

பகையே இல்லாமற் கதவு மூடுவதும் உண்டு. 2002 ஓகஸ்டில், 69 என்று தொடங்கும் ஒரு கோடியே அறுபத்தேழு இலட்சம் முகவரிகள் வட அமெரிக்கப் பதிவகத்துக்கு வழங்கப்பட்டன. அதுவரை அவை எவருக்கும் உரியனவல்ல. ஆகவே அவற்றிலிருந்து எது வந்தாலும் திருட்டுப் பொதி என்று கருதி, பல நிறுவனங்கள் தம் வாயிலில் தடை எழுதி வைத்திருந்தன. எழுதி வைத்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். தடை மட்டும் இருந்தது. புதிய முகவரி பெற்ற அப்பாவிகள், சில தளங்கள் மட்டும் திறவாதிருக்கும் மாயத்தைக் கண்டு திகைத்தனர். பல ஆண்டுகளின் பின், 2018 ஏப்ரல் 1ஆந் திகதி 1.1.1.1 என்ற எண்ணிலே பொதுச் சேவையொன்று தொடங்கியபோதும் இதே கதைதான். அந்த அழகிய எண்ணை எவரும் பயன்படுத்தப்போவதில்லை என்றெண்ணி, வீட்டு ரவுட்டர்கள் சிலவற்றிலும் நிறுவனங்களின் கருவிகளிலும் அதனை உள்வேலைக்கு ஒதுக்கியிருந்தனர். அங்கிருந்தவர்களுக்கு உலகின் 1.1.1.1 எட்டாக் கனியாயிற்று.

எங்கள் வழக்கிற் குற்றவாளி இவற்றுள் எதுவுமன்று. அதனைக் கண்டுபிடித்த முறை எளியது. உலகின் பல மூலைகளிலுள்ள வலையமைப்புகள் தம் அட்டவணையில் என்ன வரி வைத்திருக்கின்றன என்பதை எவரும் பார்க்கும்படி திறந்துவைத்திருக்கும் இடங்கள் உள. அமெரிக்காவின் ஒறிகன் சர்வகலாசாலை நடத்தும் ‘றூட் வியூஸ்’ அவற்றுள் ஒன்று. மாணாக்கர் அங்கே எங்கள் தளத்தின் முகவரியைத் தேடினார். சில இடங்களில் வரி இருந்தது. சில இடங்களில் இல்லை. “ஒரு கம்பனி மட்டுமல்ல, சேர். உலகத்தில் இன்னும் பலருக்கு உங்கள் நண்பரின் தளம் இல்லை. அவர்கள் முறைப்பாடு செய்யவில்லை, அவ்வளவுதான்” என்றார்.

இதற்கு விளக்கம் தேடினால் 2008ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆந் திகதிக்குப் போகவேண்டும். பாகிஸ்தானிலே யூரியூப் தளத்தைத் தடைசெய்யும்படி அந்நாட்டரசு பணித்தது. பாகிஸ்தான் ரெலிகொம், தன் நாட்டுக்குள்ளே பொதிகளை வீணடிப்பதற்காக, யூரியூப்பின் 256 முகவரிகள் தன்னிடத்திலே இருப்பதாக ஓர் அறிவித்தலைச் செய்தது. அது வெளிநாட்டு அயலவருக்கும் கசிந்தது. அவர் அதை நம்பி உலகுக்குச் சொன்னார். யூரியூப்போ 1,024 முகவரிகளை ஒரே தொகுதியாக அறிவித்திருந்தது. யாழ்ப்பாணம் என்று மட்டும் எழுதிய பையும், யாழ்ப்பாணம் நல்லூர் என்று எழுதிய பையும் இருந்தால், நல்லூர்க் கடிதம் இரண்டாவதிலேதானே விழும்? ரவுட்டர்களும் குறுகிய முகவரியையே தேர்ந்தன. உலகப் பொது நேரப்படி 18.47 மணிக்குத் தொடங்கி, உலகின் பெரும் பகுதியினர் யூரியூப்பைத் தேடிப் பாகிஸ்தானிலே போய் விழுந்தனர். 20.07 மணிக்கு யூரியூப்பும் 256ஐ அறிவித்தது, பின் 128 ஆகப் பிரித்தது, 21.01 மணிக்கே அந்த அயலவர் பொய் அறிவித்தலைத் திரும்பப் பெற்றார். எவரும் எதையும் தனக்குரியதெனச் சொல்லலாம், சொன்னதை அயலவர் நம்புவார் என்ற பழைய ஏற்பாட்டின் விலை அன்று எல்லாருக்கும் தெரிந்தது.

அதற்குரிய பரிகாரங்களுள் முக்கியமானது, 2011 முதல் நடைமுறைக்கு வந்த ஆர்.பி.கே.ஐ. என்ற ஏற்பாடு. எமது ஊர்ப் பாஷையிலே சொல்வதானால், முகவரிகளுக்குக் காணி உறுதி எழுதும் முறை. இன்ன தொகுதியை அறிவிக்க உரிமையுள்ள வலையமைப்பு இன்ன எண்ணுடையது என்று, முகவரிக்குச் சொந்தக்காரர் கையொப்பமிட்டுப் பதிவகத்திலே வைப்பார். அறிவித்தல் வரும்போது, எச்சரிக்கையுள்ள வலையமைப்பு உறுதியைப் புரட்டிப் பார்க்கும். உறுதியும் அறிவித்தலும் ஒத்திருந்தால் ஏற்கும். உறுதியே எழுதப்படாத காணியானாலும், பழைய வழக்கப்படி ஏற்கும். உறுதியிருந்தும் அதில் வேறு எண் இருந்தால், ஆட்சிக்கு வந்தவர் கள்ளர் என்று கொண்டு தள்ளிவிடும். அமெரிக்காவின் ஏ.டி. அன்ட் டி. 2019 பெப்ரவரியில் இவ்வாறு தள்ளத் தொடங்கியது. பின்னர் பலர் தொடர்ந்தனர். 2024 மே மாதத்தில் பழைய முறை முகவரிகளுக்குரிய வழிகளிற் பாதிக்கு மேற்பட்டவை உறுதி பெற்றிருந்தன.

மட்டக்களப்பு நண்பரின் தளத்துக்கு இடங்கொடுத்த நிறுவனம், அந்த வாரத்திலே தன் இயந்திரங்களை வேறொரு கட்டடத்துக்கு மாற்றியிருந்தது. முகவரி மாறவில்லை, அதனை உலகுக்கு அறிவிக்கும் வலையமைப்பு மாறிவிட்டது. உறுதியிலோ பழைய எண்ணே கிடந்தது. எனவே உறுதியைச் சோதிக்கும் வலையமைப்புகள் எல்லாம் நண்பரின் பழஞ்சஞ்சிகைகளைக் கள்ளப் பொருளெனக் கருதி வாயிலிலேயே திருப்பிவிட்டன. வடமராட்சி நண்பரின் கம்பனி அப்படிச் சோதிக்கும் ஒன்று. எனது தொலைபேசிக் கம்பனி சோதிப்பதில்லை. ஒழுங்காகக் கடமை செய்த கம்பனியின் வாடிக்கையாளருக்குக் கதவு மூடியது. கவலையற்ற கம்பனியின் வாடிக்கையாளனாகிய நான் உள்ளே உலாவினேன். அந்த நிறுவனம் உறுதியே எழுதாமல் சோம்பியிருந்தால் எவருக்கும் இந்தத் தொல்லை வந்திராது என்பதையும் மாணாக்கர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாலை வகுப்பின்றிப் போன அந்தப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன்.

மாணாக்கர் எழுதித் தந்த கடிதத்தை மட்டக்களப்பு நண்பர் அந்த நிறுவனத்துக்கு அனுப்பினார். அதில் முறைப்பாடு என்ற சொல்லே இல்லை. முகவரித் தொகுதி எது, இப்போது அதனை அறிவிக்கும் எண் எது, உறுதியில் உள்ள எண் எது என்ற மூன்று செய்தியும், இரு இணைப்புகளிலும் எடுத்த ட்ரேஸ்றூட் வரிகளும், எடுத்த நேரமும் மட்டுமே இருந்தன. ஒரு மாதமாகப் ‘பிழையில்லை’ என்று சொல்லிவந்தவர்களிடமிருந்து அன்றிரவே, திருத்திவிட்டோம், நன்றி, என ஒரு வரிப் பதில் வந்தது.

மறுநாட் காலையில் வடமராட்சி வீட்டுக்குப் போனேன். நண்பர் எனக்கு முன்னரே கணினியின் முன் இருந்தார். தளம் திறந்திருந்தது. நடந்ததையெல்லாம், காணி உறுதி உட்பட, அவருக்கு எடுத்துச் சொன்னேன். செவிமடுத்தாரோ இல்லையோ தெரியாது. அவருடைய கை மட்டும் சஞ்சிகைகளின் வரிசையை ஒவ்வொன்றாகக் கீழிறக்கிக்கொண்டிருந்தது. தருக்கத்துக்குரிய அந்தச் சஞ்சிகையின் முதலிதழ் அட்டையைக் கண்டதும் கை நின்றது. படத்தைப் பெரிதாக்கி, அச்சிடப்பட்டிருந்த ஆண்டை வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பினால் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் வாசித்தார்.

“உம்முடைய தொலைபேசியை ஒருக்காற் தாரும், ஐசே” என்றார். “மட்டக்களப்போடு கொஞ்சம் கதைக்க வேண்டியிருக்கிறது.”